எச்.எம்.டி. கடிகாரத்தின் உதயமும் அஸ்தமனமும்

போத்தனூர்ச் சந்திப்பின் நடைமேடையில் நின்று, சூரியன் நேர் உச்சிக்கு வரும் கணத்தில் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறவருக்கு, ஆண்டின் சராசரிக் கணக்குப்படி, முள் பன்னிரண்டைத் தாண்டி ஏறக்குறைய 22 நிமிஷம் போயிருப்பது தெரியும். கடிகாரத்தின்மேல் குற்றமில்லை, 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இந்தியா முழுமைக்கும் பொதுவாக ஏற்கப்பட்ட நேரம் கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகையைப் பற்றியது, நம்முடைய போத்தனூரோ எழுபத்தேழாவது பாகையை ஒட்டிக் கிடப்பது, ஒரு பாகைக்கு நான்கு நிமிஷமாகக் கணக்கிட்டால் வித்தியாசம் சரியாக வந்துவிடும். அதற்கு முன்பு இந்திய ரயில்வேக்கள் அனுசரித்தது சென்னை நேரம். நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் கோல்டிங்ஹாம் என்ற வான நூலறிஞர் 1802-இல் நிர்ணயித்த அந்த நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவாக அது அமைந்திருந்தபடியால், எந்தப் பட்டணத்தின் கௌரவத்துக்கும் பங்கமில்லாமல் ரயில்கள் அதைக் கொண்டே ஓடின.

சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் இருப்புப்பாதை 1862-இல் போத்தனூரை எட்டியது. கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வருவதற்கு 1873-இல் மேட்டுப்பாளையம் கிளை திறக்கப்படும் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கொங்கு நாட்டு மக்கள் தங்கள் நாளைச் சூரியனைக் கொண்டு அளப்பதை விட்டு, முள்ளைக் கொண்டு அளக்கப் பழகிய ஆதி ஸ்தலங்களில் போத்தனூரும் ஒன்று என்று சொல்வது மிகையாகாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று எந்த நிலையத்தில் ஒதுங்கி நிற்பது என்பதை நிச்சயிக்க வேண்டுமானால், இரண்டு நிலைய அதிகாரிகளும், இரண்டு கார்டுகளும், இரண்டு டிரைவர்களும் ஒரே மணியை நம்பியாக வேண்டும். அதனாலேதான் நாள்தோறும் மாலை 4 மணிக்கு ரயில்வேயின் முக்கிய நிலையங்களுக்கெல்லாம் நேர சமிக்ஞை அனுப்பிக் கடிகாரங்களைத் திருத்திக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. இவ்வளவு அவசியமான கருவியை நாம் நெடுங்காலம் பிற தேசத்தாரிடமிருந்தே பெற்றோம். சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் கழிந்தும், இந்தியர் மணிக்கட்டில் கட்டிய கடிகாரங்களிற் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்திலிருந்து முறைப்படி வந்தவை அல்லது திருட்டுத்தனமாக வந்தவை. அந்த நிலையை மாற்றிய ஸ்தாபனம் பெங்களூரின் எச்.எம்.டி. அது எவ்வாறு உயர்ந்தது, பிறகு எவ்வாறு க்ஷீணித்தது என்பதை அறிய வேண்டுமானால், கடிகாரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் சக்திக்கு இருப்பிடம் மெயின் ஸ்பிரிங் என்னும் சுருள் வில். ஒரு பீப்பாய்ச் சக்கரத்துக்குள் சுருண்டு கிடக்கும் அந்த எஃகு நாடாவைக் காலையில் நாம் முறுக்கி வைக்கிறோம். அது அவிழ முயல்கிறது. அந்த முயற்சியே பற்சக்கரங்களைத் தள்ளுகிறது. தடுப்பார் இல்லாவிட்டால் அது சில விநாடிகளில் முழுவதும் அவிழ்ந்து முட்களைப் பம்பரமாய்ச் சுழற்றிவிட்டு ஓய்ந்துவிடும். வாய்க்கால் தண்ணீரை மடையில் நின்று பாத்திக்குப் பாத்தி அளந்து விடும் குடியானவனைப் போல, அந்தச் சக்தியைச் சிறு சிறு கூறுகளாக அளந்து விடுவதற்கு எஸ்கேப்மெண்ட் என்ற உறுப்பு இருக்கிறது. எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று அதற்குக் கட்டளையிடுவது பேலன்ஸ் சக்கரமும், தலைமயிரைப் போன்ற மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஜோடி. 1675-இல் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் பிரசித்தப்படுத்திய இந்த அமைப்பில், சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் வில் அதைத் திரும்ப இழுக்கிறது. மறு பக்கம் போனால் மீண்டும் இழுக்கிறது. ஊசலாட்டத்தின் வீச்சு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் காலம் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது; சக்கரத்தின் ஜடத்துவமும் வில்லின் விறைப்புமே அந்தக் காலத்தை நிர்ணயிக்கின்றன. கடிகாரவியல் முழுவதும் இந்த ஒரே சூட்சுமத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது.

சாதாரணமான கைக்கடிகாரம் விநாடிக்கு ஐந்து முறை ‘டிக்’ என்கிறது. மணிக்கு 18,000, நாளொன்றுக்கு 4,32,000, ஆண்டுக்குப் பதினைந்து கோடியே எழுபது லட்சத்துக்கும் மேல். இத்தனை அடியும் தாங்கி நிற்க வேண்டிய பேலன்ஸ் அச்சின் முனையோ, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். பித்தளைத் துளையில் அது சுழன்றால் துளை தேய்ந்து கோணலாகும். ஆகையால் தேயாத மாணிக்கக் கல்லில் துளையிட்டுப் பதிக்கிறார்கள். முன்னாளில் இயற்கை மாணிக்கமே பயன்பட்டது. 1902-இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் வெர்னேய் செயற்கை மாணிக்கம் செய்யும் வழியை வெளியிட்ட பிறகு கல்லின் விலை சல்லிசாயிற்று. டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே பெரும் ஐசுவரியம் இருப்பதாக எண்ணி, பழைய வாட்சைப் பத்திரப்படுத்தியவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தக் கற்களின் பெருமை விலையில் இல்லை, தேயாமையில் இருக்கிறது.

உஷ்ணம் இன்னொரு சத்துரு. வெறும் எஃகினாலான ஹேர் ஸ்பிரிங் சூடேறினால் விறைப்புத் தளர்ந்துபோகும். ஒரு பாகை சென்டிகிரேடு ஏறினால் நாளொன்றுக்குப் பதினோரு விநாடியளவு கடிகாரம் பின்தங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே போத்தனூரில் பத்துப் பாகை வித்தியாசம் வருவது சகஜம். அந்தக் கணக்கில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷப் பிழை நேர்ந்திருக்கும். வெப்பத்தால் விறைப்பு மாறாத இலின்வார் என்ற நிக்கல் எஃகுக் கலவையைக் கண்டறிந்த சுவிஸ் விஞ்ஞானி கியோம் 1920-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஓர் உலோகக் கலவைக்காக நோபல் பரிசா என்று வியப்பவர்கள், காலத்தை அளப்பதில் மனிதன் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேற்சொன்னவை போன்ற உறுப்புகள் நூற்றுக்கு மேல் ஒரு கைக்கடிகாரத்தில் உண்டு. சுவிட்சர்லாந்தில் அவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கைவேலைக்காரர்கள் செய்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு அரத்தால் ராவி இணைத்தார்கள். ஒரு கடிகாரத்தின் சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அந்த முறையை உடைத்தவர்கள் அமெரிக்கர். 1850-இல் ஆரன் டென்னிசன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மாசசூஸெட்ஸ் ராஜ்யத்தில் தொடங்கி, பின்பு வால்தம் என்ற ஊரில் நிலைபெற்ற தொழிற்சாலை, யந்திரங்களைக் கொண்டே உறுப்புகளை வெட்டியும் கடைந்தும், எந்தச் சக்கரத்தை எந்தக் கடிகாரத்தில் இட்டாலும் ஓடும்படி செய்தது. 1876-இல் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சியில் இதைக் கண்ட சுவிஸ் பிரதிநிதிகள் திகைத்துப்போய், தங்கள் நாட்டாருக்கு எச்சரிக்கை அறிக்கை எழுதினார்கள்.

அமெரிக்கக் கடிகாரத்தின் பெருமைக்கு ரயிலே காரணமாயிற்று. 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓஹையோ ராஜ்யத்தில் கிப்டன் என்னும் சிற்றூருக்கருகே இரண்டு வண்டிகள் மோதி உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஒரு டிரைவரின் கடிகாரம் நான்கு நிமிஷம் நின்று, பிறகு தானே ஓடத் தொடங்கியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதற்குப் பின் வெப் பால் என்ற கடிகார வியாபாரியின் முயற்சியால் ரயில்வே ஊழியர் வைத்திருக்கும் கடிகாரங்களுக்குக் கடுமையான விதிகள் வந்தன: வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிழை கூடாது, படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் ஐந்து நிலைகளிலும் சரியாக ஓட வேண்டும், எண்கள் பெரிதாய்த் தெளிவாய் இருக்க வேண்டும். வாரத்துக்கு முப்பது விநாடி என்பது இருபதாயிரத்தில் ஒரு பங்கு பிழை. சுருள் வில்லையும் பற்சக்கரத்தையும் கொண்டு அந்த அளவுக்கு நெருங்குவது மகத்தான சாதனை. இந்தத் தேவையை உத்தேசித்தே 1892-இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் நகரத்தில் ஹாமில்டன் கம்பெனி பிறந்தது. ரயில்வேக்காரர்களின் கடிகாரம் என்ற கீர்த்தியை அது அரை நூற்றாண்டு காப்பாற்றியது. அதன் முடிவைப் பின்னால் சொல்கிறேன்; ஏனென்றால் எச்.எம்.டி.யின் கதைக்கு அது கண்ணாடி.

எச்.எம்.டி. என்னும் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் கடிகாரம் செய்யப் பிறந்த கம்பெனி அன்று. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, லேத் முதலான தாய் யந்திரங்களைச் செய்வதற்காக இந்திய அரசாங்கம் 1953-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் நிறுவியது அது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பம்பு செய்கிறவர்களும், மோட்டார் செய்கிறவர்களும், நூற்பாலை உதிரிப் பாகம் கடைகிறவர்களும் எச்.எம்.டி. லேத் என்றால் எவ்வளவு மரியாதையோடு பேசுவார்கள் என்பது இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நுட்பமாகக் கடையத் தெரிந்தவன் நுட்பத்தின் சிகரமாகிய கடிகாரத்தையும் செய்ய முயல்வது இயற்கை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1961-இல் பெங்களூர்க் கடிகாரத் தொழிற்சாலை வேலை தொடங்கிற்று. முதற்கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேருவே வெளியிட்டார்.

அப்போது வந்த ‘ஜனதா’ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேசத்தின் மணிக்கட்டில் இருந்தது. வெள்ளை டயல், மெல்லிய எண்கள், தோல் வார். அதற்கு மேல் ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. பின்னர் ‘பைலட்’, ‘சோனா’, ‘காஞ்சன்’, ‘கோஹினூர்’, சாவியே கொடுக்க வேண்டாத ‘ரஜத்’ என்று ரகங்கள் பெருகின. கண் பார்வையற்றவர்கள் விரலால் தொட்டு மணி அறியும்படி பிரெய்ல் கடிகாரமும், ஹிந்தி எண்கள் கொண்ட டயலும் செய்தார்கள். பெங்களூரில் இரண்டாவது தொழிற்சாலை, காஷ்மீரில் ஸ்ரீநகர், கர்நாடகத்தில் தும்கூர், இமயமலை அடிவாரத்தில் ராணிபாக் என ஆலைகள் பெருகி, மொத்தத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கடிகாரங்களை எச்.எம்.டி. செய்தது.

கொங்கு நாட்டில் அந்தக் கடிகாரத்துக்கு இருந்த ஸ்தானத்தை இளையவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது கல்யாணத்தின் ஓர் அங்கமாக இருந்த காலம் அது. மில்லின் சங்கு ஊதுவதைக் கேட்டு ஷிப்டுக்கு ஓடிய தொழிலாளியின் மகன், எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது தகப்பனார் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்ட வாட்ச் பெரும்பாலும் எச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். பெரிய கம்பெனிகள் இருபத்தைந்து வருஷம் உழைத்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்ததும் அதுவே. கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்காது; சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்க வேண்டும். அந்தக் காத்திருப்பை வாங்குகிறவர்கள் பெருமையாகவே எண்ணினார்கள்.

போத்தனூரில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் ஒரு ஜனதாவைப் பிரித்துச் சுத்தம் செய்வதை முழுதும் உடனிருந்து பார்த்திருக்கிறேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்ததும், மஞ்சள் வெளிச்சத்தில் ரோஜா நிறத்துச் சிறு கற்கள் மின்னின. முதலில் மெயின் ஸ்பிரிங்கின் மிச்ச முறுக்கை மெல்ல அவிழ்த்துவிட்டார். அதைச் செய்யாமல் பிரித்தால் சக்கரத்தின் பல் போய்விடும். பிறகு பேலன்ஸைப் பிடித்திருக்கும் பாலத்தின் ஒற்றைத் திருகைக் கழற்றி, முள்வாங்கியால் தூக்கினார். கீழே ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கியபடி சக்கரம் நடுங்கிற்று. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் இட்டுத் தூரிகையால் துடைத்தபோது, முப்பது வருஷத்துக் கருத்த எண்ணெய் பிசினாய்க் கரைந்து வந்தது. கற்களின் துளையைக் கூர்மையான மரக் குச்சியால் துடைத்து, ஊசி முனையில் தொட்ட ஒரு துளி எண்ணெயை வைத்து, மறுபடியும் பூட்டி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார். சக்கரம் தயங்கவில்லை. “தேயறதுக்கு உள்ளே ஒண்ணுமில்லீங்க, எண்ணெய் காஞ்சு போச்சு, அவ்வளவுதானுங்க” என்றார். வேறொரு பழைய ஜனதாவிலிருந்து கழற்றி வைத்திருந்த சக்கரம் ஒன்றை அதிலே மாற்றிப் போட்டிருந்தார். அரம் தொடாமல் அது பொருந்திற்று. வால்தமில் தொடங்கிய ஒரு தத்துவம் பெங்களூரில் எவ்வளவு செம்மையாக நிறைவேறியிருக்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு அத்தாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இத்தனை செம்மையான பொருள் ஏன் வீழ்ந்தது? காலத்தை அளக்கும் நுட்பம் உலோகத்தை விட்டு ஸ்படிகத்துக்குக் குடிபோனது என்பதே என் பதில். மற்றக் காரணங்களெல்லாம் அதைச் சார்ந்தவை.

குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் மணலின் உறவு. சிலிக்கனும் பிராணவாயுவும் சேர்ந்தது. அதை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதையும், மின்சாரம் கொடுத்தால் அது நெளிவதையும் பற்றிய ஆராய்ச்சிக்கு 1880-இல் பிரான்சின் கியூரி சகோதரர்கள் அடிகோலினார்கள். தக்க வடிவத்தில் வெட்டிய படிகம், மின்சாரத்தின் தூண்டுதலால் தனக்கே உரிய வேகத்தில் இடைவிடாது அதிரும். கைக்கடிகாரத்தில் இசைக்கவை போன்ற உருவில் அமைந்த படிகத் துணுக்கு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த விசித்திரமான எண்ணைத் தேர்ந்ததில் கணித நுட்பம் உண்டு: இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கிப் பதினைந்தாவது படியில் கிடைப்பது அது. ஆகவே மின்னணுச் சில்லு அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு சின்னஞ்சிறு மோட்டாரை ஓர் அடி நகர்த்தும். முள் ஒரு விநாடி தள்ளும். விநாடிக்கு ஐந்து முறை ஆடும் சக்கரத்தை உலுக்கலும் ஈர்ப்பும் எண்ணெயின் பசையும் பாதிக்கும். முப்பத்திரண்டாயிரம் முறை அதிரும் படிகத்தை அவை தீண்டுவதே அரிது. உஷ்ணம் பத்துப் பாகை மாறினால் படிகக் கடிகாரத்துக்கு நேரும் பிழை நாளொன்றுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்களவே. நல்ல ஜனதா நாளுக்கு இருபது விநாடி முன்பின் ஓடினால் திருப்தியடைந்தோம். மலிவான குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து விநாடிதான் பிசகும்.

ஜப்பானின் செய்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று விற்பனைக்குக் கொணர்ந்தபோது, அதன் விலை ஒரு மோட்டார் காரின் விலைக்குச் சமானமாக இருந்தது. ஆனால் படிகத்தை வெட்டுவதும் சில்லைச் செய்வதும் லேத்தின் வேலையன்று. ஒளியும் அமிலமும் கொண்டு ஆயிரக்கணக்கில் ஒரே தகட்டில் பொறித்தெடுக்கிற வேலை. அந்த வேலையில் எண்ணிக்கை கூடக் கூட விலை பாதாளத்துக்குப் போகும். பத்து வருஷத்துக்குள் அதுவே நடந்தது. நூறு உறுப்பையும் கடைந்து பூட்டும் தொழிலாளியின் அரும்பெரும் சாமர்த்தியத்துக்கு இனிச் சந்தையில் விலையில்லை.

இங்கேதான் ஹாமில்டனின் கதையை நினைக்க வேண்டும். உலகத்தின் முதல் மின்சாரக் கைக்கடிகாரத்தை 1957 ஜனவரியில் வெளியிட்டதே ஹாமில்டன். செந்நிற ஒளி எண்களால் மணி காட்டிய ‘பல்சர்’ கடிகாரத்தை 1972-இல் 2,100 டாலருக்கு விற்றதும் அதுவே. புதுமையைக் கண்டறியாமல் கெட்டது என்று அதைச் சொல்ல இயலாது. ஆனால் 1969-இலேயே அமெரிக்க மண்ணில் அதன் சாவிக் கடிகார உற்பத்தி நின்றுவிட்டது. 1974-இல் பெயரும் ஒரு சுவிஸ் ஸ்தாபனத்தின் கைக்குப் போயிற்று. வால்தமின் கடிகார உற்பத்தி 1957-இலேயே ஓய்ந்துவிட்டிருந்தது. சுவிட்சர்லாந்தும் தப்பவில்லை: 1970-இல் தொண்ணூறாயிரம் பேருக்குச் சோறு போட்ட கடிகாரத் தொழில், எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் வேலை கொடுக்க முடியாமல் தவித்து, ஐம்பத்தோர் உறுப்புகளே கொண்ட ‘ஸ்வாட்ச்’ என்ற பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரத்தை 1983-இல் வெளியிட்டுத்தான் மூச்சுவிட்டது.

எச்.எம்.டி.யும் குவார்ட்ஸை அறியாமலிருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே அது குவார்ட்ஸ் கடிகாரம் செய்து விற்றது. ஆனாலும் அதன் உள்ளமும் மூலதனமும் சாவிக் கடிகாரத்திலேயே தங்கியிருந்தன. நாலைந்து ஆலைகளில், ஆயிரமாயிரம் தொழிலாளர்களோடு, சக்கரம் வெட்டவும் பல் கடையவும் அச்சு மெருகிடவும் தேர்ந்த யந்திரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு வேலையே கொடுக்காத ஒரு கடிகாரத்தை முழு மனத்தோடு தழுவுவது எந்த நிர்வாகத்துக்கும் கடினம். வேலையாட்களை வெளியேற்றுவது எளிதல்லாத, ஒவ்வொரு பெரிய செலவுக்கும் டில்லியின் அனுமதியை எதிர்பார்த்திருக்கும் அரசாங்க ஸ்தாபனத்துக்கு அது பன்மடங்கு கடினம். வாங்குகிறவர்கள் வரிசையில் நின்று காத்த பழக்கம், அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று விசாரிக்கும் பழக்கத்தை வளரவிடவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

அந்த விசாரணையைச் செய்தவர்கள் நம் ராஜ்யத்தின் எல்லையிலேயே தோன்றினார்கள். டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ என்ற தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் ஆலை கட்டி, செர்க்ஸஸ் தேசாயின் தலைமையில் 1987-இல் கடிகாரங்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களை அழைத்துப் பயிற்றுவித்து அந்த ஆலையை நடத்தினார்கள். குவார்ட்ஸையே அஸ்திவாரமாகக் கொண்டு, டயலின் அழகையும் தடிமனையும் வாரையும் ஆபரணத்துக்குரிய சிரத்தையோடு வரைந்து, தனிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மொஸார்ட்டின் இருபத்தைந்தாம் சிம்பொனியை விளம்பரத்தில் முழங்கவிட்டு விற்றார்கள். 2002-இல் அவர்கள் வெளியிட்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தின் யந்திரத்துக்குத் தடிமன் 1.15 மில்லிமீட்டர்தான். தனியார் ஜெயித்தார்கள், சர்க்கார் தோற்றது என்று சிலர் இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லுவதுண்டு. டைட்டனின் பிறப்பிலேயே தமிழ்நாட்டு அரசாங்கத்தின் மூலதனம் கலந்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்று படிகத்தை நம்பிப் பிறந்தது. மற்றொன்று உலோகத்தை நம்பி வளர்ந்தது. அந்த வித்தியாசமே இரண்டின் விதியையும் பிரித்தது.

1991-க்குப் பின் இறக்குமதியின் கதவு திறந்தது. தொண்ணூறுகளில் எச்.எம்.டி.யின் விற்பனை சரிந்தது; 2000-இல் கடிகாரப் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள்; நஷ்டம் நிற்கவில்லை. கைபேசி வந்ததும், மணி பார்ப்பதற்கென்று கடிகாரம் வாங்கும் வழக்கமே தளர்ந்தது. 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியையும், காஷ்மீரத்துச் சினார் வாட்சஸையும் மூடிவிட ஒப்புதல் தந்தது. தும்கூர் ஆலையின் நிலம் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திடம் போயிற்று. ஜாலஹள்ளியில் 2019-இல் திறந்த பாரம்பரியக் காட்சிசாலையில் பழைய யந்திரங்களையும் கடிகாரங்களையும் இன்றும் காணலாம். தாய்க் கம்பெனி பெங்களூரில் சிறு அளவில் கடிகாரங்களைப் பூட்டி விற்றும் வருகிறது.

எச்.எம்.டி. கெட்டுப்போன பண்டம் செய்து அழியவில்லை என்பதே என் தீர்ப்பு. தன் காலத்தின் மிக நுட்பமான வேலையை, மிகக் குறைந்த விலைக்கு, மிக எளிய மனிதனின் கைக்குக் கொண்டு சேர்த்த ஸ்தாபனம் அது. அதனிடம் பயின்ற துல்லியம் நம் பட்டறைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. நுட்பம் இடம் பெயர்ந்தபோது உடன் பெயர முடியாமற்போனதற்காக அந்த முன்னைய புண்ணியத்தை மறப்பது நன்றியாகாது.

இதை வாசிக்கிற கொங்கு நாட்டு அன்பர்களில் எத்தனையோ பேர் வீட்டில், பீரோவின் அடித்தட்டிலோ தகரப் பெட்டியிலோ, தகப்பனாருடைய ஜனதாவோ பைலட்டோ ஓடாமல் கிடக்கும். அதை எடுத்த எடுப்பில் சாவி கொடுத்து முறுக்க வேண்டாம். உள்ளே எண்ணெய் உறைந்து, தூசி மணலாய் நிற்கும். வறண்ட துளையில் அச்சு சுழன்றால் முனை அரைபட்டுவிடும். முதலில் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவரே மிஞ்சியிருக்கிறார்கள்; அவர்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது; தாமதிக்க வேண்டாம்.